தாருக்கு அடியில் இரண்டு படிகள்

(புதுச்சேரியில் நடந்த ஒரு வாசகர் மன்றக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற நகராட்சிப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய அழைப்பிதழைப் பார்த்தீர்களா? 'நம் நகரின் பாரம்பரியம்' என்று தலைப்பு. பக்கத்தில் ஒரு மஞ்சள் சுவர், அதன்மேல் வழிகிற காகிதப்பூக் கொடி, கீழே சாய்த்து வைத்த ஒரு சைக்கிள். படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் உட்கார்ந்திருப்பது பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழ்ப் பகுதியில். வந்திருப்பவர்களில் அந்த மாதிரி மஞ்சள் சுவருக்குள் குடியிருப்பவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். (சிரிப்பு.) சரி, ஒருவரும் இல்லை. அப்படியானால் நான் உங்கள் பக்கத்து வீதிகளைப் பற்றியே பேசலாம். திண்ணை, தாழ்வாரம், முற்றம், நாட்டு ஓடு. யாரும் படம் பிடித்து அழைப்பிதழில் போடாத வீதிகள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கட்டடக் கலை படித்தவன் இல்லை. வரலாறும் எனக்குத் துறை இல்லை. காவிரிக் கரையில் ஒரு நகராட்சியில் ஓவர்சியராகச் சேர்ந்து, 31 ஆண்டு வேலை பார்த்து, உதவிப் பொறியாளராக வெளியே வந்தவன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது போகப்போகத் தெரியும். மனைவிக்கு இந்த ஊர். ஓய்வுக்குப் பிறகு மாமனார் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். ஆகவே நான் பேசப்போவது கல்வெட்டுக்காரர் பேச்சு அல்ல, எஸ்டிமேட் போட்டவன் பேச்சு.

இந்த ஊரில் மிகப் பழையது எது என்று கேட்டால் ஆளுக்கொரு கட்டடத்தைச் சொல்வோம். என்னைக் கேட்டால் எந்தக் கட்டடமும் இல்லை, வீதிதான் என்பேன். 1693-இல் டச்சுக்காரர்கள் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்த ஊரைப் பிடித்தார்கள். 1699-இல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். இருந்தது ஆறே ஆண்டு. ஆனால் கயிறு கட்டி இழுத்ததுபோல் நேராக ஓடி, செங்குத்தாக வெட்டிக்கொள்கிற நம் வீதிகளின் கணக்கு அவர்கள் காலத்தது. அப்புறம் 1761 ஜனவரி. முற்றுகையில் ஊர் விழுந்தது. ஆங்கிலேயர்கள் கோபத்தில் நாலு இடத்தில் தீ வைத்துவிட்டுப் போகவில்லை. ஆள் வைத்து, முறைபோட்டு இடித்தார்கள். கோட்டை போயிற்று, மாளிகைகள் போயின. 1765-இல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்தபோது எஞ்சியது பெரும்பாலும் கல்லும் மண்ணும். என்ன செய்தார்கள்? பழைய கோட்டின்மேலேயே மறுபடி கட்டினார்கள். வீடுகள் அழிந்தன, வீதி அழியவில்லை.

இதைச் சொல்லும்போது ஆனந்தரங்கப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். 1736-இலிருந்து இந்த ஊரில் நடந்ததையெல்லாம் தமிழில் எழுதிவைத்த மனிதர். ஊர் விழுந்த அதே ஜனவரியில்தான் அவரும் இறந்துபோனார். அவர் வீடு, அவர் பெயர் கொண்ட வீதியில், இன்றும் நிற்கிறது. உள்ளே போகும் வாய்ப்புக் கிடைத்தவர்கள் கீழேயும் மேலேயும் பார்த்துவிட்டு வாருங்கள். கீழ்த்தளத்தில் நம் ஊர் மரத்தூண்கள், செதுக்கு வேலையோடு. மாடிக்குப் போனால் செங்கல் கட்டிச் சுதை பூசிய ஐரோப்பியத் தூண்கள். ஒரே வீடு. கீழே தமிழ், மேலே பிரெஞ்சு. இதுதான் பிறகு இந்த ஊரின் வீட்டு இலக்கணமே ஆயிற்று. வைசியாள் வீதியில் நடந்து பாருங்கள்: கீழே திண்ணையும் தாழ்வாரமும், மேலே வளைவு சன்னலும் கைப்பிடிச் சுவரும்.

தாழ்வாரம் என்று சொன்னேன். இதை உள்ளூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்கிறேன். திண்ணை வீட்டு எல்லைக்குள் இருக்கிறது. அதற்கு வெளியே மரக்கால் நட்டு, ஓடு வேய்ந்து, வீதிப் பக்கம் சரிந்து இறங்குகிறதே அந்தத் தாழ்வாரம், அது நிற்பது யார் இடத்தில்? வீதியில். அதாவது நகராட்சி இடத்தில். வீட்டுக்காரர் காசு போட்டுக் கட்டினார், வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கினார். பக்கத்து வீட்டுத் தாழ்வாரமும் அதே உயரத்தில் தொடர்ந்ததால், வீதியின் இந்தக் கோடியில் நுழைந்தவர் அந்தக் கோடி வரை தலை நனையாமல் போகலாம். என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. ஆக்கிரமிப்பு. (சிரிப்பு.) சிரிக்காதீர்கள், எத்தனையோ ஊர்களில் அந்த ஒரு சொல்லை எழுதித்தான் தாழ்வாரங்களைப் பிடுங்கிப் போட்டோம். வடிகால் அமைக்க வேண்டும், கம்பம் நட வேண்டும் என்று ஏதாவது ஒரு காரணம். மரக்காலை எடுத்தால் ஓடு நிற்காது. ஓடு போனால் திண்ணையில் வெயிலும் சாரலும். திண்ணையில் உட்கார முடியாவிட்டால் கிரில் போட்டு அடைப்பார்கள். அடைத்த திண்ணை இரண்டு வருடத்தில் ஜெராக்ஸ் கடை. முதல் காரியத்தைச் செய்தது யார்? வீட்டுக்காரரா?

நான் சொல்ல வந்ததே இதுதான். பழைய வீட்டைக் காப்பாற்றாதவர் என்று வீட்டுக்காரரைத்தான் எல்லோரும் திட்டுகிறோம். ஒரு தமிழ்த் தெருவில் எந்த வீடும் தனியாக நிற்பதில்லை. இடதுபக்கம் ஒரு பொதுச்சுவர், வலதுபக்கம் ஒரு பொதுச்சுவர். நடுவில் ஒன்றை ஜேசிபி வைத்து எடுத்தால் இரண்டு பக்கமும் வெடிப்பு விடும். வரிசைதான் வீடு. அந்த வரிசை முழுவதையும் பார்க்கிற கண் வீட்டுக்காரருக்கு இருக்க வேண்டியதில்லை. வீதி யாருடையதோ அவர்களுக்கு இருக்க வேண்டும்.

சட்டம் இல்லையா என்பீர்கள். ஏராளம். மத்தியத் தொல்லியல் துறைச் சட்டம் இருக்கிறது, 1958-இல் வந்தது. 2010 திருத்தத்துக்குப் பின், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டவே கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கிக் கட்ட வேண்டும். கோட்டைக்கும் கோயிலுக்கும் அது பொருந்தும். பாட்டி வடகம் காயவைக்கிற மொட்டை மாடிக்குப் பொருந்துமா? குடியிருக்கிற வீட்டுக்கு வேலி போட்டுக் காவலாளியை நிறுத்த முடியாது.

நீதிமன்றம் இருக்கிறது. சென்னை மவுண்ட் ரோட்டில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம், 1897-இல் கட்டியது. 2006-இல் இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரியத்தைக் காக்கிற இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போயிற்று. 2010-இல் உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று சொன்னதோடு, இதுபோன்ற கட்டடங்களைக் கவனிக்கச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின்கீழ் ஒரு குழுவையும் அமைக்க வைத்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் நீதிமன்றத்தால் சம்மட்டியை நிறுத்த முடியும், கூரைக்கு ஓடு மாற்ற முடியாது. தீர்ப்பு வந்த பிறகும் அந்தக் கட்டடம் பல ஆண்டு செடி முளைத்துத்தான் கிடந்தது.

அரசமைப்புச் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் இருக்கிறது, 1993-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்கு உரிய 18 பணிகள். குடிநீர், சாலை, சுடுகாடு எல்லாம் அதில் உண்டு. பதின்மூன்றாவது என்ன தெரியுமா? பண்பாடு, கல்வி, அழகு சார்ந்தவற்றை வளர்ப்பது. என் சர்வீஸ் முழுக்க, எந்த மன்றக் கூட்டத்திலும் இந்தப் பதின்மூன்றாவது வரியை ஒருவர் எழுந்து வாசித்து நான் கேட்டதில்லை. நானும் ஓய்வு பெற்ற பிறகுதான் வாசித்தேன்.

இங்கே ஒரு தேதியைச் சொல்ல ஆசை. பிரான்சில் ஆந்த்ரே மால்ரோ பண்பாட்டு அமைச்சராக இருந்தபோது ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஒற்றைக் கட்டடத்தை அல்ல, ஒரு முழுப் பேட்டையையே காப்பதற்கான சட்டம். தேதி 1962 ஆகஸ்ட் 4. அந்த ஆண்டு ஆகஸ்ட் 16-இல்தான் புதுச்சேரி சட்டப்படி முழுமையாக இந்தியாவோடு சேர்ந்தது. 12 நாள் வித்தியாசம். தங்கள் நாட்டுப் பேட்டைகளைக் காக்க அவர்கள் சட்டம் எழுதிய கையின் மை உலர்வதற்குள் நம் பேட்டையின் சாவி நம் கைக்கு வந்துவிட்டது. இதில் யாரையும் குறை சொல்ல எதுவும் இல்லை, வெறும் தற்செயல். எனக்கு இப்படிப்பட்ட தேதிகள் பிடிக்கும், அவ்வளவுதான்.

அந்தச் சட்டத்தால் பாரீசின் மாரே பகுதி பிழைத்தது. கட்டடங்கள் பிழைத்தன என்று திருத்திச் சொல்கிறேன். அங்கே இருந்த பட்டறைக்காரர்களும் சின்னக் குடித்தனக்காரர்களும் வாடகை ஏற ஏறக் காலிசெய்துகொண்டு போனார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

நகராட்சி தானே முன்வந்து செய்த ஊர் இந்தியாவில் உண்டா? உண்டு, அகமதாபாத். 1411-இல் உண்டான ஊர். 'போள்' என்பார்கள், ஒரு வாசல், உள்ளே நெருக்கமாக மரவேலை வீடுகள், கோயில், புறாவுக்குத் தீனி போட ஒரு தூண். 1996-இல் அந்த மாநகராட்சி தனக்குள்ளேயே பாரம்பரியத்துக்கென்று ஒரு பிரிவு வைத்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் என்ன செய்தார்கள்? பெரிய திட்டம் எதுவும் போடவில்லை. காலையில் மக்களைக் கூட்டி நடக்கவைத்தார்கள். காலுப்பூர் சுவாமிநாராயணர் கோயிலில் புறப்பட்டு ஜும்மா மசூதியில் முடிகிற நடை. தங்கள் வீட்டு வாசலை வெளியூர்க்காரர் நின்று பார்ப்பதைப் பார்த்து, வீட்டுக்காரர்களே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, பழைய வீட்டை இடிக்காமல் வைத்திருப்பவர், தான் கட்டாமல் விட்ட மாடிகளின் உரிமையை வேறு இடத்தில் கட்டுபவருக்கு விற்றுக்கொள்ளலாம் என்று வழி செய்தார்கள். 2017-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகரம், இந்தியாவில் முதலாவது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பட்டம் கிடைத்த பின்னும் அங்கே வீடுகள் இடிபடுகின்றன. ஆனால் இடிப்பவர் போய் நிற்க வேண்டிய மேசை ஒன்று மாநகராட்சிக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்திருப்பதே பாதி வேலை.

நம் ஊருக்கு வருவோம். தொண்ணூறுகளில் இன்டாக் அமைப்பினர் வீதி வீதியாகப் போய்ப் பட்டியல் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 1,800-க்கும் மேற்பட்ட கட்டடங்கள். அந்தப் பட்டியலில் இருந்தவற்றில் நூற்றுக்கணக்கானவை இப்போது இல்லை. எந்தப் பக்கம் அதிகம் போனது என்று சொல்ல வேண்டுமா? கிழக்கே பல வீடுகளுக்கு உடைமையாளர் ஒரு நிறுவனம்: ஆசிரமம், பிரெஞ்சு அரசு, பள்ளி, அரசு அலுவலகம். ஆசிரமத்துச் சாம்பல் வண்ணச் சுவர்களை ஆண்டுதோறும் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். மேற்கே உடைமையாளர் யார்? தாத்தா பெயரில் பட்டா. அவருக்கு ஐந்து பிள்ளைகள், பதினாறு பேரப்பிள்ளைகள். ஒருவர் லியோனில், ஒருவர் நெய்வேலியில், இருவர் பேசிக்கொள்வதில்லை. ஓடு மாற்றக் கையெழுத்துப் போட பதினாறு பேரும் சேரமாட்டார்கள், விற்பதற்குச் சேர்ந்துவிடுவார்கள். பாகப்பிரிவினைதான் ஐயா, இந்தப் பக்கத்து ஜேசிபி. அதைத் தடுக்கப் பட்டியலால் முடியாது. பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்று தெரிந்ததும், அறிவிக்கை வருவதற்குள் இடித்துவிடலாம் என்று அவசரப்பட்டவர்களையும் எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு தடவை வேறு மாதிரி நடந்தது. 2002 முதல் 2004 வரை, 'ஆசியா உர்ப்ஸ்' என்று ஐரோப்பிய ஆணையத்தின் ஒரு திட்டம். இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சூர்-லோ என்ற இரண்டு சிற்றூர்கள் நம்மோடு கைகோத்தன. அதிலே வைசியாள் வீதியை எடுத்துக்கொண்டார்கள். கல்வே சுப்பராய செட்டி வீதி என்பது அதன் முழுப் பெயர். ஒரு வீட்டை அல்ல, வரிசையை எடுத்தார்கள். வரிசையாக முகப்புகளைப் பழுதுபார்த்து, விட்டுப்போன இடத்தில் தாழ்வாரத்தைத் திரும்ப இறக்கினார்கள். வீட்டுக்காரர்களும் பங்கு போட்டார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது அந்த வீதிக்குக் கிடைத்தது.

அந்த வீதிக்காரர் ஒருவர், எனக்கு நடைப்பழக்க நண்பர், பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், ஒருநாள் சொன்னார்: "முகப்பு ஊருக்கு சார், கூரை எனக்கு. மழை முகப்பு மேலயா பெய்யுது?" எனக்கு அன்று இரவெல்லாம் இதே யோசனை. அவர் சொன்னது குறை அல்ல, கணக்கு. பார்க்கிறவர்களுக்கு வேண்டியது எட்டடி உயர முகப்பு. குடியிருப்பவருக்கு வேண்டியது கசியாத மேல்தளம். மெட்ராஸ் டெரஸ் போட்ட கூரைக்குத் தேக்கு விட்டமும், குத்துக்கல்லாக அடுக்கச் சின்னச் செங்கல்லும், சுண்ணாம்பு அடிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். இந்த மூன்றில் எது இன்று சுலபமாகக் கிடைக்கிறது, சொல்லுங்கள்.

என் கதையையே கேளுங்கள். மாமனார் வீட்டு முற்றத்துச் சுவர் பொரிந்துகொண்டிருந்தது. நான் பொறியாளன் அல்லவா? சிமென்டு வைத்துப் பூசச் சொன்னேன். மனைவி வேண்டாம் என்றாள். அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். இரண்டு மழைக்காலம். சுவர் குடித்த ஈரம் சிமென்டைத் தாண்டி வெளியே வர முடியாமல், உள்ளேயே நின்று, செங்கல்லை மாவாக்கி, என் பூச்சைத் தோசை மாதிரி உரித்துப் போட்டுவிட்டது. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடுகிற சுவர். வேர்க்கிறவனுக்கு ரெயின்கோட்டு மாட்டியதுபோல் ஆயிற்று. பிறகு செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனாரைத் தேடிப் பிடித்தோம். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இதை யாருங்க செஞ்சது?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. மனைவிதான் சொன்னாள். (சிரிப்பு.)

பத்துப் பதினைந்து கொத்தனார்களை ஒரு நகராட்சி தன் பட்டியலில் வைத்துக்கொண்டு, பழைய வீட்டுக்காரர் விண்ணப்பித்தால் நியாயமான கூலிக்கு அனுப்பிவைக்க முடியாதா? பம்பு மெக்கானிக்கை வைத்துக்கொள்ளவில்லையா? வீட்டு வரியில் கழித்துக்கொடுக்க முடியாதா? இடிக்க விண்ணப்பம் வந்தால் முத்திரை குத்துவதற்கு முன் ஒரு ஆள் போய்ப் பார்த்து, "இதில் எதை வைத்துக்கொண்டு பின்கட்டில் எவ்வளவு புதிதாகக் கட்டலாம்" என்று ஒரு வரைபடம் போட்டுக்காட்ட முடியாதா? முன்கட்டைக் காப்பாற்றிக்கொண்டு பின்கட்டில் மாடி எழுப்பக்கூடிய அளவுக்கு நம் வீடுகள் நீளமானவை. ஒன்றைக் கூடாது என்று சொல்வதற்கு முன் இன்னொன்று ஆகும் என்று சொல்ல ஆள் வேண்டும்.

யாரிடம் இதைக் கேட்பது? இந்த ஊரில் நகராட்சித் தேர்தல் 1968-இல் நடந்தது. அதற்கடுத்தது 2006-இல். 38 ஆண்டு இடைவெளி. 2011-இல் அந்த மன்றங்களின் காலம் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் ஆணையர் நிர்வாகம்தான். ஆணையர்கள் நல்லவர்கள், கெட்டிக்காரர்கள், நான் யாரையும் சொல்லவில்லை. ஆனால் அவர் மாற்றலாகிப் போய்விடுவார். கவுன்சிலருக்கு மாற்றல் கிடையாது. தாழ்வாரத்து ஓடு சரிந்தால் டீக்கடையில் வைத்து மடக்கிக் கேட்கலாம். வரிசையைப் பார்க்கிற கண் என்றேனே, அந்தக் கண்ணுக்குரிய மனிதர் அந்த வீதியிலேயே நடக்கிறவராக இருக்க வேண்டும்.

மேரி கட்டடத்தைப் பற்றிப் பேசாமல் நான் இறங்கினால் என்னை விடமாட்டீர்கள். நகர மன்றத்துக்கென்றே கடற்கரைச் சாலையில் 1870-71-இல் எழுந்த கட்டடம். பழுதுபார்க்க வேண்டும் என்ற பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, 2014 நவம்பர் 29 அன்று, மழையில் இடிந்து விழுந்தது. அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். செங்கல் குவியல்மேல் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. ஊர் வீடுகளைக் காக்க வேண்டிய அமைப்பின் சொந்த வீடு அது. பிறகு உலக வங்கிக் கடனில் பழைய முகப்பின்படியே திரும்பக் கட்டி, 2021 பிப்ரவரியில் பிரதமர் திறந்துவைத்தார். அழகாகத்தான் இருக்கிறது. நானும் பேரனை அழைத்துப் போய்க் காட்டினேன். "இது பழசா தாத்தா?" என்று கேட்டான். "பழசு மாதிரி" என்றேன். ஒரு மேரியைத் திரும்பக் கட்டப் பணம் வரும். பெருமாள் கோயில் வீதியிலோ கோமுட்டி வீதியிலோ விழுகிற ஒரு திண்ணை வீட்டுக்கு எந்த வங்கியும் வராது. அதை விழாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

மாரே பற்றித் திரும்ப வருகிறேன் என்றேன். பழைய வீட்டை விடுதியாக்குவது தவறா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எனக்கு இதில் இரண்டு மனம். விருந்தினர் தங்குகிற வீட்டில் ஓடு மாற்றப்படுகிறது, கதவுக்கு எண்ணெய் போடப்படுகிறது. அதை நான் மறுக்கமாட்டேன். பூட்டிக்கிடக்கிற வீட்டைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் ஒரு வரிசை முழுவதும் விடுதியானால் திண்ணையில் யார் உட்காருவது? 'விருந்தினருக்கு மட்டும்' என்று பலகை மாட்டிய திண்ணையை நான் பார்த்திருக்கிறேன். திண்ணை என்ற சொல்லுக்கே அது எதிர்ப்பதம். ஒரு வீதியில் இத்தனைக்கு மேல் விடுதி கூடாது என்று நகராட்சி சொல்ல முடியும். சொல்ல வேண்டும்.

இப்போது கடைசி விஷயம். என் ஊர்ப் பெயரை ஏன் மறைத்தேன் என்பது.

சாலை போடுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். புதிய தார் போடுவதற்கு முன் பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். எடுத்தால்தான் வீதி பழைய மட்டத்திலேயே இருக்கும். சுரண்டுகிற இயந்திரத்துக்கு வாடகை உண்டு, அள்ளிப்போக லாரி உண்டு, அதற்கெல்லாம் எஸ்டிமேட்டில் காசு கேட்டால் வேலையின் நீளம் குறையும். நீளம் குறைந்தால் வார்டுக்காரர் கோபிப்பார். ஆகவே நாங்கள் பழைய தாரின் மேலேயே போட்டோம். ஒவ்வொரு தடவையும் ஓரங்குலம், ஒன்றரை அங்குலம். யாருக்கும் தெரியாது. நாலு வருடம், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. வீதி உயர்ந்தது, வீடு அப்படியே நின்றது. வாசலில் ஏறிப் போன இடத்தில் சமமாகப் போனார்கள், பிறகு இறங்கிப் போனார்கள். மழைத் தண்ணீருக்கு வழி தெரியும், முற்றத்துக்கு வந்தது. "பழைய வீடு பள்ளத்துல கெடக்குங்க, வெச்சுக்கிட்டு என்ன பண்றது" என்று இடித்தார்கள். வீட்டைப் பள்ளமாக்கியது நாங்கள்.

சன்னதித் தெருவில் ஓர் அம்மாள் இருந்தார். எண்பது வயதிருக்கும். நான் டேப்போடு போகும்போதெல்லாம் திண்ணையிலிருந்து, "எம் படி ரெண்டைக் காணோம், நீ பாத்தியா தம்பி?" என்பார். மூன்று கருங்கல் படி இருந்த வீடு. அப்போது ஒன்றுதான் மிச்சம். கேலியாகச் சொல்கிறார் என்று சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

சென்ற ஆண்டு ஒரு கல்யாணத்துக்காக அந்த ஊருக்குப் போனேன். அந்த வீடு இல்லை. அம்மாள் போய்ப் பல வருடம். புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வீதி ஓரத்தையும் சேர்த்து வெட்டியிருந்தார்கள். குனிந்து பார்த்தேன். கீழே இரண்டு படிகளும் இருந்த இடத்திலேயே இருந்தன, விளிம்பு தேயாமல். அவற்றின்மேல் தார் அடுக்கடுக்காக, வெட்டிய இடத்தில் தெளிவாக எண்ணலாம். ஏழு அடுக்கு. கீழிருந்து மூன்றாவதிலிருந்து ஆறாவது வரை நான் அளந்து, நான் எம்.புக்கில் எழுதி, நான் கையெழுத்துப் போட்டு பில் பாஸ் பண்ணியவை. அந்தப் படிக்கல்லை என்ன செய்யப் போகிறீர்கள் என்று மேஸ்திரியைக் கேட்டேன். "மண்ணோட லாரியில போயிரும் சார்" என்றார்.